விஜயதசமிக்குத் தள்ளிப்போன ரீபூட்

ஜெரூஷா முதலில் பார்த்தது ஃபிரெடியை இல்லை, அவனுடைய நீலக் கர்சீப்பைத்தான்.

தாம்பரத்தில் வேளச்சேரி பஸ் வந்து நிற்பதற்குள் பாதிக் கூட்டம் அதோடு சேர்ந்து ஓடும். அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் வாசலுக்கு ஓடாமல் ஜன்னலுக்கு ஓடுவான். எட்டிக் குதித்து, இரண்டு பேர் உட்காரும் சீட்டில் கர்சீப்பைப் போடுவான். பிறகு சாவகாசமாக ஏறி வருவான். ஒருநாள் நின்றுகொண்டிருந்த ஜெரூஷாவைப் பார்த்து, "மேடம், உட்காருங்க. இது உங்களுக்குப் போட்டதுதான்" என்றான்.

"நான் போடச் சொல்லலையே."

"சொல்லிட்டுப் போட்டா அதுக்குப் பேரு ரிசர்வேஷன் மேடம். காசு கேப்பேன்."

பெயின்ட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி அவன். வாய்தான் அவனுக்குப் பிழைப்பு. சேலையூர் சர்ச்சில் கல்யாணம் நடந்தபோது, மோதிரம் மாற்றும் நேரத்தில்கூட ஏதோ சொல்லி, கல்யாணம் நடத்தி வைத்த போதகர் ஐயரையே சிரிக்க வைத்தான். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் பீர்க்கன்கரணையில், ஏரிக்கரைக்குப் பக்கத்துத் தெருவில் வீடு பிடித்தார்கள்.

ஜெரூஷா அதிகம் பேசாதவள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, சிறுசேரியில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சில வருஷம் இருந்தாள். ஷிப்ட் மாறி மாறி உடம்பு கெட்டதும் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை தேடினாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் சின்னத் தனியார் மையம் ஒன்றில் வேலை கிடைத்தது. அங்கே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பிரின்டரில் தாள் சிக்கினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சர்வர் படுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த சர்வர் கீழ்த்தளத்தில், கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறையில் இருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் எந்தப் பக்கத்திலிருந்து, எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிர் பாய வேண்டும் என்ற திட்டம் முழுவதும் அதற்குள்தான். மாடியில் இருக்கும் பெரிய மெஷின் தினமும் இந்த சர்வரைக் கேட்டுத்தான் வேலை செய்யும். சர்வர் பதில் சொல்லாவிட்டால் அது வெறும் இரும்பு.

அந்த மையத்தில் ஜெரூஷாவுக்கு ஒரு சங்கடம் இருந்தது. யாரிடமும் சொல்லாத சங்கடம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆயுத பூஜைக்கு சர்வருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். காற்று இழுக்கும் துவாரத்துக்கு மேலேயே வைத்துவிட்டார்கள். குங்குமத் தூள் உள்ளே போனால் மின்விசிறி கெட்டுவிடும் என்று அவள் ஈரத்துணி எடுத்துத் துடைத்தாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் மறுநாள் டீ அறைக்குப் போனபோது உள்ளே யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது: "அவங்க ஆளுங்க அப்படித்தான். சாமிக்கு வச்ச பொட்டைக்கூட விட மாட்டாங்க."

யார் சொன்னார்கள் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் பூஜைக்கு அவளே முன்னால் நின்றாள். வாழைக்கன்று கட்ட நூல் எடுத்துக் கொடுத்தாள். பொரியும் சுண்டலும் முதல் ஆளாக வாங்கிச் சாப்பிட்டாள். துவாரத்தை விட்டுத் தள்ளி ஒரு வெள்ளைத்தாள் ஒட்டி, அதன்மேல் பொட்டு வைக்கும் யோசனையை மெஷின் இயக்கும் கிரீஷ் கண்டுபிடித்தான். அவளுக்கு அதில் பெரிய நிம்மதி.

இப்படியிருக்கும்போதுதான் ஃபிரெடியின் அடிநாக்கில் ஒரு புண் வந்தது. பீடி, பாக்கு எதுவும் தொடாதவன். "அதிகமாப் பேசினதுக்கு ஃபைன் போட்டுட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தான். பரிசோதனை முடிவு வந்தபோது சிரிக்கவில்லை.

ஜெரூஷா வேலை பார்க்கும் இடத்திலேயே சிகிச்சை ஆரம்பமானது. முகத்துக்கு அளவெடுத்து, வலைபோல ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்தார்கள். அதை மாட்டி, தலை அசையாமல் மேஜையோடு பூட்டி, கதிர் பாய்ச்ச வேண்டும். வாரத்தில் ஐந்து நாள். நாள் ஆக ஆக வாய் முழுக்கப் புண்ணானது. சாப்பாட்டைக் கஞ்சியாக்கி, கஞ்சியை வடிகட்டினாள். பேச்சு குறைந்தது. சிகிச்சையில் பாதி தாண்டியபோது ஒரு வாக்கியம் பேசினாலே அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஒரு நாளும் விடாம வரணும்," என்று சொல்லியிருந்தாள் மாளவிகா. கதிர்வீச்சின் அளவைக் கணக்கிட்டுத் திட்டம் போடும் இயற்பியலாளர் அவள். "நடுவுல இடைவெளி விட்டா மிச்சம் இருக்கிற செல்லெல்லாம் முன்னைவிட வேகமா வளர ஆரம்பிச்சிடும். அப்புறம் அதைத் துரத்திப் பிடிக்கிறது கஷ்டம்."

அந்த ஒரு வாக்கியத்தை ஜெரூஷா தூக்கத்திலும் சொல்லுவாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மறுநாள் விடுமுறை, அதற்கடுத்த நாள் விஜயதசமிக்குத் திறந்து சிகிச்சையைத் தொடர்வதாக ஏற்பாடு. அதனால் அன்று மத்தியானம் எல்லா நோயாளிகளையும் முடித்துவிட்டு பூஜை போடுவது வழக்கம்.

காலையில் வந்ததும் அவள் மின்னஞ்சலில் ஓர் எச்சரிக்கை இருந்தது. சர்வரில் ஓடும் இயங்குதளத்தின் கெர்னலில் நினைவகப் பிழை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மிகச் சாதாரண அனுமதியோடு உள்ளே இருக்கும் எவரும் அதன் மூலம் முழு சர்வருக்கும் எஜமான் ஆகிவிடலாம். அதற்கான நிரலும் இணையத்தில் பரவிவிட்டது. உடனே புதுப்பித்து மறுபடி தொடங்குங்கள் என்றது.

அவள் முகத்தைப் பார்த்து, வெளியே முறைக்காகக் காத்திருந்த ஃபிரெடி, "இன்னா மூஞ்சி?" என்று கையால் கேட்டான்.

அவனுக்குப் புரியும்படி சொல்ல அவளுக்கு ஒரு வழி இருந்தது.

"பஸ்ல ஒரு ஆளு சீட்ல கர்சீப் போட்டிருக்கான்னு வச்சுக்கோ. பாதி வழியில இறங்கிப் போயிட்டான். கண்டக்டரும் அந்த சீட்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. ஆனா கர்சீப்பை எடுக்க மறந்துட்டாரு."

ஃபிரெடி தலையாட்டினான். இது அவன் துறை.

"கொஞ்ச நேரம் கழிச்சு கண்டக்டர் திரும்பி வராரு. சீட்ல யாருன்னு மூஞ்சியைப் பார்க்கல. கர்சீப்பை மட்டும் பார்க்கறாரு. ஓ, நம்ம ஆளுதான்னு நம்பி காசுப்பை, விசில், டிக்கெட் கட்டு எல்லாத்தையும் அவன் மடியில வச்சுட்டுப் போயிடறாரு. அந்த சீட்ல வந்து உட்கார்ந்தவன் திருடனா இருந்தா?"

"பஸ்ஸே அவனுது," என்றான் ஃபிரெடி, வலியோடு.

"அந்தக் கண்டக்டர்தான் கெர்னல். கம்ப்யூட்டருக்குள்ள யாருக்கு எந்த இடம்னு பிரிச்சுக் குடுக்கறது அதோட வேலை. காலியான இடத்துல பழைய அடையாளத்தை விட்டு வச்சிருக்கு."

"கண்டக்டர மாத்து."

"மாத்தலாம். ஆனா பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிட்டுதான் மாத்த முடியும்."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு டீ குடிக்கிற நேரம்."

"போடீ, போய் மாத்து."

சிகிச்சை நடக்கும்போது சர்வரை நிறுத்த முடியாது. கடைசி நோயாளி முடியட்டும் என்று காத்திருந்தாள். சர்வர் மறுபடி எழும்போது அந்த அறையில் ஆள் இருந்து, சிகிச்சை மென்பொருளுக்கான சின்னச் சாவிக் கருவியைச் சொருகி, கடவுச்சொல் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து செய்கிற வேலை இல்லை. அதனால் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கடைசி நோயாளிக்கு அன்றைக்கென்று தாமதமானது. அவர் எழுந்து வந்தபோது மாடியில் கற்பூரம் காட்டியாகிவிட்டது. ஜெரூஷா கீழே ஓடி வந்தாள். கிரீஷ் சர்வர் அறையை அலங்கரித்து முடித்திருந்தான். வெள்ளைத்தாளில் சந்தனமும் குங்குமமும். மேலே சாமந்திச் சரம். பக்கத்தில், நகல் எடுத்து வைக்கும் டிஸ்க்குக்கும் ஒரு பொட்டு. வழக்கமாக அவள் அந்த டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போவாள். ஆயுதம் எல்லாம் பூஜையில் இருக்க வேண்டும் என்பதால் அன்று வைத்துவிட்டாள். காலையில் கழற்றி, கம்பியைச் சுருட்டித்தான் வைத்தாள்; இப்போது அதைக் குனிந்து பார்க்கவில்லை.

மேலாளர் சூர்யநாராயணன் சாவியோடு நின்றிருந்தார். நல்ல மனுஷர். ஃபிரெடியின் சிகிச்சைக்குச் சலுகை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"சார், ஒரு அப்டேட் வந்திருக்கு. சர்வரை ஒரு தடவை ரீபூட் பண்ணணும்."

"இப்பவா? பூஜை போட்டாச்சேம்மா. அவசரமா?"

அவள் வாய் வரைக்கும் வந்தது. இது ஆபத்து சார், இன்றைக்கே செய்தாக வேண்டும் சார். ஆனால் அவர் பின்னால் பொரிப் பொட்டலத்தோடு ஊழியர்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அன்றைக்கு டீ அறையில் பேசிய குரல் அதில் யாருடையது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. பூஜை போட்ட சர்வரை அவள், அவள் போய், நிறுத்துவதா?

"ரொம்ப அவசரம்னு இல்ல சார். பண்ணிட்டா நல்லது."

"அப்போ விஜயதசமி அன்னிக்குப் பண்ணேன். நல்ல நாள். புதுசா ஆரம்பிச்ச மாதிரியும் இருக்கும்."

"சரி சார்."

கதவு பூட்டப்பட்டது. சாவி அவர் பையில் போனது. அவள் பொரி வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் பீர்க்கன்கரணை வீட்டில் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. சர்வர் தன் நலத்தைப் பற்றித் தானே அனுப்பும் குறுஞ்செய்தி. கோப்புகள் வழக்கத்துக்கு மாறாக வேகமாக மாறுகின்றன என்றது. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, ஆளில்லாத அறையில், யார் மாற்றுவது?

போனிலிருந்தே உள்ளே நுழையப் பார்த்தாள். அனுமதி இல்லை என்றது. மறுபடி பார்த்தாள். அவளே உருவாக்கிய கணக்கு, அவளே வைத்த கடவுச்சொல். அவளுடைய சர்வர் அவளை யாரென்று கேட்டது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நோயாளிகள் நேரம் பதிவு செய்யும் இணையப் பக்கமும் அதே சர்வரில்தான் இருந்தது. தனியாக வேறு கம்ப்யூட்டர் வேண்டும் என்று பலமுறை கேட்டிருக்கிறாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். அந்தப் பக்கத்தின் வழியாக யாரோ ஒரு சாதாரணப் பயணியாக ஏறியிருக்கிறான். கர்சீப் கிடந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

கிரீஷைக் கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா! பெருங்களத்தூர்ல திண்டிவனம் பஸ் ஏறிட்டேன். என்னா கூட்டம் தெரியுமா! ஜன்னல் வழியா பேக்கைப் போட்டு சீட் புடிச்சேன்."

"கிரீஷ், பேக்கப் டிஸ்க் அங்க தனியாத்தானே இருக்கு?"

"சர்வர் பக்கத்துலதான்கா இருக்கு. சொருகி வச்சேன்."

"எதுக்குடா சொருகினே?"

"லைட் எரிஞ்சாதானேக்கா போட்டோல நல்லா வரும். குரூப்ல போட்டிருக்கேன் பாருங்க. ஏன்கா?... அக்கா?"

அவள் போனை வைத்துவிட்டாள். சொருகியிருந்தால் அதுவும் போகும்.

சூர்யநாராயணனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. வீட்டில் பூஜையில் இருப்பார். காவலாளி வேதசிரோமணியைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, சர்வர் ரூம் லைட் எரியுதா பாருங்க."

"எரியுதும்மா. சீரியல் லைட்டு கணக்கா மின்னிக்கினு கீது."

"மெயினை ஆஃப் பண்ணா நிக்காது, பேட்டரி உள்ள இருக்கு. அந்தக் கண்ணாடியை உடைச்சு உள்ள போய், எல்லா ஒயரையும் புடுங்குங்கண்ணா. சீக்கிரம்."

பூட்டிய கதவை அவர் தள்ளிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"இன்னாம்மா சொல்ற? பூஜை போட்டுப் பூட்டுன ரூம்மா. சாவி சார் எடுத்துக்கினு போயிட்டாரு. நான் போய் ஒடைச்சா, வேதசிரோமணி சாமி ரூமை ஒடைச்சான்னு நாளைக்கி ஊரே பேசும். நீயும் நானும் ஒரே சர்ச்சு வேற. ரெண்டு பேரும் சேந்து செஞ்சாங்கன்னு சொல்ல மாட்டாங்க?"

"அண்ணா, ஃபிரெடியோட ட்ரீட்மென்ட் அதுலதான் இருக்கு."

"சார் கையில ஒரு வார்த்த கேட்டுடும்மா. அவரு சொன்னா ஒரே ஒத தான்."

அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. மத்தியானம் அவள் செய்ததையேதான் அவரும் செய்கிறார்.

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். ஊருக்குப் போகும் கூட்டம் ஜி.எஸ்.டி. சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. பெட்டிகளும் பிள்ளைகளும் பூசணிக்காய்களுமாக எல்லோரும் தெற்கே பார்த்து நிற்க, அவள் ஒருத்தி மட்டும் வடக்கே இடித்துக்கொண்டு போனாள். பெருங்களத்தூர் ஸ்டேஷனில் ரயிலைப் பிடித்தாள். தாம்பரத்தில் இறங்கி, கிழக்குப் பக்கம் ஓடி, ஷேர் ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோவிலும் வாழைக்கன்று கட்டியிருந்தது. நிற்கும் ஒவ்வொரு நிறுத்தத்திலும், இந்நேரம் எத்தனை பேருடைய கோப்பு போயிருக்கும் என்று நினைத்தாள். எத்தனை பேர் என்று கூட இல்லை. அவன் கோப்பு போயிருக்குமா என்று மட்டும்தான் நினைத்தாள். அதற்காகவும் தன்மேல் வெறுப்பு வந்தது.

மையத்துக்குள் நுழைந்ததும் சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு உருளையைக் கழற்றினாள். வேதசிரோமணி, "ஏசப்பா" என்று மட்டும் சொல்லி நகர்ந்து நின்றார். இரண்டாவது இடியில் கண்ணாடி உதிர்ந்தது. சாமந்திச் சரத்தோடு சேர்த்து ஒயர்களைப் பிடுங்கினாள். மின்விசிறிகள் மெதுவாகச் சுற்றி நின்றன. டிஸ்க்கின் லைட்டும் அணைந்தது. கையில் குங்குமம் ஒட்டியிருந்தது. கண்ணாடி கீறிய ரத்தமும் அதோடு கலந்திருந்தது.

சர்வரின் டிஸ்க்கையும் நகல் டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகத் தன்னுடைய மடிக்கணினியில் மாட்டித் திறந்து பார்த்தாள். கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதுவும் திறக்கவில்லை. திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு மட்டும் திறந்தது. பழைய நோயாளிகளின் கோப்புகள் கொஞ்சம் தப்பியிருந்தன. இப்போது சிகிச்சையில் இருப்பவர்களுடையது ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஃபிரெடியின் பெயர் இருந்தது. உள்ளே ஃபிரெடி இல்லை.

சூர்யநாராயணன் நெற்றி நிறைய விபூதியோடு ஓடி வந்தார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எச்சரிக்கை காலையிலேயே வந்ததையும் சொன்னாள்.

"ஏம்மா சொல்லல?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அவசரமான்னு கேட்டேனேம்மா."

"பூஜை போட்டதை நான் போய்... தப்பா நினைப்பாங்களோன்னு..."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "எங்கப்பா குரோம்பேட்டையில லேத் பட்டறை வச்சிருந்தார். பூஜை போட்ட அன்னிக்கு அவசர வேலைன்னு யாராவது வந்து நின்னா, இன்னொரு தடவை கற்பூரம் காட்டிட்டு மெஷினை எடுத்துடுவார். சாமி கோவிச்சுக்காதும்மா. ஒரு கற்பூரம். அவ்ளோதான் ஆகியிருக்கும்."

மறுநாள் விடுமுறையிலும் மாளவிகா வந்தாள். பணம் கொடுப்பதில்லை, கொடுத்தாலும் கோப்பு திரும்பும் என்று உறுதியில்லை என்று முடிவானது. காவல்துறையில் புகார் கொடுத்தார்கள். சர்வரைப் புதிதாக நிறுவ பெங்களூரிலிருந்து ஆள் வர வேண்டும். மற்ற மருத்துவமனைகளைக் கேட்டுப் பார்த்தார்கள். எங்கே போனாலும் முதலிலிருந்து திட்டம் போட வேண்டும், அங்கேயும் வரிசை நீளம்.

"எல்லாருக்கும் புது மாஸ்க், புது ஸ்கேன், புது பிளான்," என்றாள் மாளவிகா. "ஒருத்தருக்கு முடிக்கவே நேரமாகும். மொத்தமா ஒரு வாரம். மேலயும் ஆகலாம்."

"அவரை முதல்ல போடுங்க மாளவிகா."

மாளவிகா நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்கு நாள் தள்ளக்கூடாதோ அவங்கதான் முதல்ல. ஃபிரெடி அந்த வரிசையில இருக்கார். ஆனா அவருக்கு முன்னாடியும் ஆள் இருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க கேட்டது என் காதுல விழல," என்றாள்.

ஃபிரெடியிடம் ஏரிக்கரையில் வைத்துச் சொன்னாள். அவனால் பேச முடியவில்லை. போனில் எழுதிக் காட்டினான்.

'நீ அன்னிக்கே கண்டக்டரை மாத்தலையா?'

"இல்ல."

'ஏன்?'

டீ அறை, பொட்டு, பொரிப் பொட்டலத்தோடு நின்ற ஊழியர்கள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது எவ்வளவு சின்ன விஷயம் என்று தெரிந்தது. அவன் ஒரு கல்லை எடுத்து ஏரியில் எறிந்தான். பிறகு எழுதினான்.

'யாரோ என்னிக்கோ சொன்னதுக்கு என் நாக்கா?'

அவள் படித்து முடிப்பதற்குள் எழுந்து நடந்துவிட்டான். வீட்டுக்கு வந்தும் எழுதவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினால் வாங்கினான், கண்ணைப் பார்க்கவில்லை.

அந்த நாட்களில்தான் ஜெரூஷா எந்த மனுஷியும் படக்கூடாத பாட்டைப் பட்டாள். கதிர் நின்றதால் ஃபிரெடியின் வாய் ஆற ஆரம்பித்தது. முதலில் கஞ்சியை முகம் சுளிக்காமல் விழுங்கினான். பிறகு குழைந்த சோறு. பிறகு ஒரு காலையில், "உப்பு கம்மி" என்றான். வாரக்கணக்கில் அவள் ஜெபம் பண்ணிக் கேட்ட குரல் அது. சர்ச்சிலிருந்து பார்க்க வந்தவர்கள், "முகம் தெளிஞ்சிருக்கு, கர்த்தர் நல்லவர்" என்றார்கள். அவள் சமையலறைக்குள் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். புண் ஆறுகிறது என்றால், அந்தப் புற்றும் உள்ளே தேறிக்கொண்டிருக்கிறது. அவன் ஒவ்வொரு வார்த்தை தெளிவாகப் பேசும்போதும், அவன் நாக்குக்கு அடியில் ஏதோ ஒன்று முழங்கை ஊன்றி எழுந்து உட்கார்வது போல அவளுக்கு இருந்தது.

பகலெல்லாம் மையத்தில் கிடந்தாள். பெங்களூர் ஆட்களோடு சர்வரை மறுபடி எழுப்பினாள். நேரம் பதிவு செய்யும் பக்கத்துக்கு வேறு கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அடுத்த வருஷம் வரை காத்திருக்க யாருக்கும் இப்போது மனம் இல்லை. புதிய கெர்னல் ஏறியது. ரீபூட் ஆகி எழுந்து நிற்க, அவள் சொன்னது போலவே, ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. அவள் அந்த டீயைக் குடிக்கவில்லை. கிரீஷ் திண்டிவனத்திலிருந்து வந்ததிலிருந்து அவளைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்கினான். "அக்கா, அந்த ஒயரை நான் சொருகாம இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பான். "போய் மாஸ்க் வேலையைப் பாரு கிரீஷ்" என்பாள்.

வேலையை விட்டுவிடுவதாக சூர்யநாராயணனிடம் சொன்னாள். "அது எல்லாருக்கும் ட்ரீட்மென்ட் ஆரம்பிச்ச அப்புறம் பேசலாம்" என்றார். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஃபிரெடிக்குப் புது முகமூடி செய்த அன்று, பழையதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவன் மெலிந்துபோனதால் அது அவனுக்குத் தொளதொளவென்று ஆகியிருந்தது. பழைய கோப்பு கிடைத்திருந்தாலும் இந்த முகமூடியை மாற்றியிருக்க வேண்டியதுதான் என்றாள் மாளவிகா. ஆறுதலுக்காகத்தான் சொன்னாள். அதையும் பிடித்துக்கொண்டு ஜெரூஷா ஒரு ராத்திரி தூங்கினாள்.

"விட்டுப்போன நாளுக்கு ஈடா கொஞ்சம் சேர்த்துக் குடுக்கறோம்," என்று டாக்டர் சொன்னார். "சரியாகிடுமா டாக்டர்?" என்று கேட்டாள். "குடுக்கறோம்மா" என்று மட்டும்தான் மறுபடியும் சொன்னார்.

சிகிச்சை மறுபடி தொடங்கிய காலையில் காத்திருக்கும் கூடம் நிரம்பி வழிந்தது. நிறுத்தி வைத்த எல்லோரும் வந்திருந்தார்கள். ஜெரூஷா கீழே சர்வர் அறையில், புதுக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஒவ்வொரு திட்டமும் மாடிக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் போனது. எழுந்து கூடத்துக்கு வந்தாள்.

நாற்காலி காலியில்லாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். ஃபிரெடிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் நீலக் கர்சீப். நின்றுகொண்டிருந்த ஒருவர், "ஆள் வருதா தம்பி?" என்று கேட்க, "வரும் சார். வர்ற ஆளு கொஞ்சம் லேட்டாத்தான் வரும், அதோட பழக்கம் அது" என்று ஃபிரெடி சொல்லிக்கொண்டிருந்தான். முழு வாக்கியம். இன்னும் சில நாளில் மறுபடி போய்விடப்போகிற குரல்.

அவள் வந்து நின்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். ஏரிக்கரைக்குப் பிறகு அன்றுதான் நேராகப் பார்த்தான். சிரிக்கவில்லை. கர்சீப்பை எடுத்துக்கொண்டு, உட்கார் என்று கண்ணால் காட்டினான்.

உட்கார்ந்த அதே நேரம் உள்ளேயிருந்து கிரீஷ் அவன் பெயரைக் கூப்பிட்டான். ஃபிரெடி எழுந்தான். கர்சீப்பை உதறி, தான் எழுந்த நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போனான். கனமான கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

முன்பு கேட்டவரே மறுபடி வந்தார். "இப்போ இங்க ஆள் இல்லல்லம்மா? உட்காரலாமா?"

ஜெரூஷா கர்சீப்பின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இருக்காரு," என்றாள். "உள்ள போயிருக்காரு. வந்துடுவாரு."